கணினி யாரிடம் வழி கேட்கிறது?



தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் பலருக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஊரிலிருந்து கடிதம் வரும். வாங்கியவருக்குப் படிக்கத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமோ, ஆபீஸ் கிராணியிடமோ, எழுத்தறிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ போவார். "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பார். படிப்பவர் நல்லவராக இருந்தால் உள்ளது உள்ளபடியே காதில் விழும். இரண்டு வரியை விட்டுவிட்டுப் படித்தால், விட்டது கேட்பவருக்குத் தெரியாது. இல்லாததைச் சேர்த்துப் படித்தாலும் தெரியாது. கடிதம் நம்முடையதாக இருந்தாலும், அதன் செய்தி இன்னொருவர் வாய்வழியாகத்தான் நமக்கு வந்தது.

இன்று தோட்டப்புற வீடுகளிலும் கணினி இருக்கிறது. அந்தக் கணினியும் ஏறத்தாழ அந்தப் பெரியவரைப் போலத்தான். இணையத்தில் எங்கே போக வேண்டுமானாலும், அதற்குத் தானாக வழி தெரியாது. ஒவ்வொரு முறையும் வேறொரு கணினியிடம் வழி கேட்கிறது. யாரிடம் கேட்பது என்பது நம் கணினிக்குள்ளேயே ஒரு சிறிய குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது, அதை எழுதியவர் யார், தேவைப்பட்டால் நாமே அதை எப்படி மாற்றி எழுதுவது என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அம்மா வீட்டையும் ஆயா வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடப் போகிறாள். பினாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் மாமா, பழைய கணினி ஒன்றில் உபுண்டு என்னும் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். உபுண்டு விலை கொடுத்து வாங்க வேண்டாதது. அது லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கியது. அது 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸின் வழியைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஆகவே இன்று நாம் பேசப்போவது யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எல்லாக் கணினிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். மகள் கணினியைத் திறக்கிறாள். தளம் வரவில்லை. வேறு தளத்தைத் தட்டுகிறாள். அதுவும் வரவில்லை. "மோடம் கெட்டுப் போச்சு போல. பட்டணத்துக்குக் கொண்டு போய்ப் புதுசு வாங்கணும்" என்கிறார் அப்பா. சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அம்மா, "எதுக்கும் மாமாவைக் கேளும்மா" என்கிறார். மகள் கைப்பேசியில் மாமாவை அழைக்கிறாள்.

"மாமா, இண்டர்நெட்டே வரல. நாளைக்கு விண்ணப்பம் முடியுது."

"பதறாதம்மா. மோடத்துல விளக்கு எரியுதா?"

"எரியுது மாமா. எப்பவும் போலப் பச்சையாத்தான் இருக்கு."

"அப்ப ஒண்ணு செய். பேரைச் சொல்லிக் கூப்பிடாம, நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு."

நேயர்களே, மாமா சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில்தான் இன்றைய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் புத்தகம் இருக்கும். ஆட்களை நாம் பெயர் சொல்லி அழைப்போம். ஆனால் சம்பளக் கணக்கில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கலாம். எண் ஒருவருக்கு ஒன்றுதான். இணையத்திலும் இப்படித்தான். நாம் தட்டுவது பெயர். கணினிகள் ஒன்றையொன்று தேடிப் போவது எண்ணை வைத்து. 9.9.9.9 என்பதுபோல நான்கு எண்களைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதுவார்கள். இதைவிட நீளமான புதிய வகை எண்களும் இப்போது வழக்கத்தில் இருக்கின்றன. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டுமல்லவா? அந்த ஏற்பாட்டுக்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர்.

தொடக்கத்தில் இதற்கு உண்மையாகவே ஒரே ஒரு பதிவுப் புத்தகம்தான் இருந்தது. 1970-களில் அமெரிக்காவில் கணினிகள் சில நூறு மட்டுமே வலையில் இணைந்திருந்தன. அவற்றின் பெயரையும் எண்ணையும் எழுதிய பட்டியலைக் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காத்து வந்தார்கள். அந்தப் பொறுப்பு எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழுவிடம் இருந்தது. புதிய கணினி சேர்ந்தால் அவர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அவர்கள் பட்டியலைத் திருத்துவார்கள். மற்ற எல்லாரும் அதை நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இந்த முறை தாங்கவில்லை. தோட்டம் முழுவதற்கும் ஒரே கிராணி, அவர் முன்னால் ஆயிரம் பேர் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வேறு வழி வகுத்தார். பட்டியல் ஓரிடத்தில் இருக்க வேண்டாம், பிரித்துக் கொடுப்போம், அவரவர் பகுதியை அவரவர் காக்கட்டும் என்பதே அவர் வகுத்த வழி. இன்று உலகமே நடப்பது அந்த வழியில்தான்.

அது எப்படி நடக்கிறது? கடித உறையில் முகவரி எழுதுகிறோம். ஆளின் பெயர், லயம், தோட்டம், மாவட்டம், நாடு என்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறது. தபால்காரர்களோ நாட்டிலிருந்து தொடங்கி ஆளை நோக்கி வருகிறார்கள். இணையப் பெயரையும் இப்படி வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். நம் நாட்டு வானொலியின் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆர்.டி.எம். டாட் கவ் டாட் மை. இதில் கடைசியிலுள்ள 'மை' என்பது மலேசியா. நடுவிலுள்ள 'கவ்' என்பது அரசாங்கம். முதலில் உள்ளது வானொலி. இதைத் தேடுபவர் முதலில் எல்லாவற்றுக்கும் வேராக உள்ள கணினிகளிடம், "மலேசியாவின் பெயர்களை வைத்திருப்பவர் யார்?" என்று கேட்பார். இந்த வேர்க்கணினிகளுக்கு 13 பெயர்கள் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் உலகெங்கும் பல நகல்கள் நிற்கின்றன. அவை மலேசியப் பெயர்களைக் காக்கும் மைநிக் அமைப்பின் கணினிகளைக் காட்டும். அங்கே கேட்டால் அடுத்த படியைக் காட்டும். கடைசியில் எண் கிடைக்கும்.

இத்தனை வாசல் ஏறி இறங்கும் வேலையை நம் வீட்டுக் கணினி செய்வதில்லை. அதற்கென்று வேறொரு கணினி இருக்கிறது. அதற்கு ரிசால்வர் என்று பெயர். இந்தப் பேச்சில் அதை 'வழிகாட்டி' என்றே அழைப்போம். நாம் கேட்கிறோம், வழிகாட்டி அலைந்து விசாரித்துப் பதில் சொல்கிறது. சொன்ன பதிலைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்கிறது. அடுத்த வீட்டுக்காரர் அதையே கேட்டால் உடனே சொல்லிவிடும்.

இப்போது மாமாவின் சோதனைக்கு வருவோம். உபுண்டுவில் டெர்மினல் என்று ஒரு கறுப்புச் சன்னல் உண்டு. அதில் கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். 'பிங்' என்பது ஒரு கட்டளை. பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, 9.9.9.9 என்ற எண்ணைத் தட்டி, என்டர் விசையை அழுத்த வேண்டும். "இருக்கிறாயா?" என்று தூரத்துக் கணினியைக் கூப்பிடுவது போன்றது இது. பதில் வந்தால் வரி வரியாக ஓடும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சி எழுத்தைத் தட்டினால் நிற்கும். அடுத்து, அதே கட்டளையை எண்ணுக்குப் பதிலாகப் பெயர் கொடுத்துத் தட்ட வேண்டும்.

எண்ணுக்கும் பதில் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில், மோடத்தில் அல்லது கட்டாத கட்டணத்தில் இருக்கிறது. வழிகாட்டியின் குறிப்பைத் தொட வேண்டாம். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரை மட்டும் தெரியாது என்று கணினி சொன்னால், சாலை நன்றாக இருக்கிறது, வழி சொல்பவர்தான் வாய் திறக்கவில்லை என்று பொருள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில தளங்கள் பிங் கட்டளைக்குப் பதில் சொல்லாமல் இருப்பது வழக்கம். ஆகவே பெயரைக் கொடுத்ததும் பக்கத்தில் ஓர் எண் தோன்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். எண் தோன்றினால் வழிகாட்டி தன் வேலையைச் செய்துவிட்டது.

நம் கற்பனை வீட்டில் 9.9.9.9 பதில் சொன்னது. பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. மோடம் கெடவில்லை. புது மோடத்துக்கு வெள்ளி செலவழித்திருந்தால் அது வீண் செலவாகவும் போயிருக்கலாம்.

சரி, அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது? யூனிக்ஸ் கணினிகளில் பொதுவான அமைப்புகளை வைக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் இ, டி, சி என்ற மூன்றெழுத்து. அதற்குள் 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்னும் கோப்பு இருக்கிறது. இதன் எழுத்துகளைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆர், இ, எஸ், ஓ, எல், வி. அதோடு நின்றுவிட வேண்டும். ஆங்கிலச் சொல்லில் கடைசியில் வரும் 'இ' இங்கே கிடையாது. பிறகு புள்ளி. பிறகு சி, ஓ, என், எஃப். பலர் அந்தக் கடைசி 'இ'யைச் சேர்த்துத் தட்டிவிட்டு, கோப்பே இல்லை என்று திகைப்பார்கள்.

அதைத் திறந்து பார்த்தால் 'நேம்சர்வர்' என்ற சொல்லும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் வழிகாட்டி. உபுண்டுவில் அங்கே பெரும்பாலும் 127.0.0.53 என்று இருக்கும். பயப்பட வேண்டாம். 127-இல் தொடங்கும் எண் வெளியாள் அல்ல, நம் கணினியே. உள்ளே ஓர் உதவியாளர் உட்கார்ந்துகொண்டு, நம் கேள்விகளை வாங்கி வெளி வழிகாட்டிக்கு அனுப்புகிறார். அந்த வெளி வழிகாட்டி யார் என்று அறிய 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்னும் கட்டளையைத் தட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டளையில் வி எழுத்துக்குப் பிறகு 'இ' உண்டு. ஆர், இ, எஸ், ஓ, எல், வி, இ, சி, டி, எல். பிறகு இடம் விட்டு எஸ், டி, ஏ, டி, யு, எஸ்.

இந்தக் குறிப்பை அங்கே எழுதியவர் யார்? நாம் எழுதவில்லை. கணினி மோடத்தோடு சேரும் ஒவ்வொரு முறையும் மோடம் அதற்கு மூன்று செய்திகளைச் சொல்கிறது. உன் எண் இது, வெளியே போகும் வாசல் இது, வழி கேட்க வேண்டியவர் இவர் என்று சொல்கிறது. கணினி அதை அப்படியே எழுதிக்கொள்கிறது. பெரும்பாலான நாள்களில் இது நல்ல ஏற்பாடுதான். இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் வழிகாட்டி நமக்கு அருகில் இருக்கும். விரைவாகப் பதில் சொல்லும். அது படுத்துக்கொள்ளும் நாளில்தான் தொல்லை.

இங்கேதான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பையே திறந்து எண்ணை மாற்றுகிறார்கள். உடனே தளங்கள் வருகின்றன. மகிழ்ச்சியோடு படுக்கப் போகிறார்கள். மறுநாள் கணினியைத் திறந்தால் பழைய எண்ணே அங்கே நிற்கிறது. பேய் வேலை ஒன்றுமில்லை. அந்தக் கோப்பை எழுதும் பொறுப்பு இன்று வேறொரு நிரலிடம் இருக்கிறது. நாம் எழுதியதை அது அழித்துவிட்டுத் தன் கணக்கை எழுதுகிறது. பிரட்டுக்களத்துக் கரும்பலகையில் நாம் சாக்குக்கட்டியால் எண்ணை மாற்றி எழுதலாம். கிராணியின் புத்தகத்தில் மாறாவிட்டால் மறுநாள் காலை பழைய எண்ணே பலகைக்கு வரும். ஆகவே புத்தகத்தில் மாற்ற வேண்டும்.

உபுண்டுவில் அந்தப் புத்தகம் செட்டிங்ஸ் என்னும் பகுதியில் இருக்கிறது. மாற்றும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, இப்போது இருக்கும் எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். கணினிக்குள் அல்ல, காகிதத்தில். மாற்றியது சரியாக வரவில்லை என்றால் திரும்பிப் போக இது உதவும்.

இரண்டாவது, செட்டிங்ஸில் நெட்வொர்க் அல்லது வைஃபை பகுதிக்குப் போய், நீங்கள் பயன்படுத்தும் இணைப்பின் பக்கத்தில் உள்ள பல்சக்கரப் படத்தைத் தட்டுங்கள். அங்கே ஐபிவி4 என்ற பக்கத்தைத் திறந்தால் டி.என்.எஸ். என்ற வரியும், ஆட்டோமேட்டிக் என்ற பொத்தானும் இருக்கும். மோடம் சொல்வதை ஏற்றுக்கொள் என்பது அந்தப் பொத்தானின் பொருள். அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, புதிய வழிகாட்டியின் எண்ணை எழுதுங்கள். யாரும் பயன்படுத்தக்கூடிய பொது வழிகாட்டிகள் சில உண்டு. கூகுள் நிறுவனம் 2009-இல் தொடங்கியது 8.8.8.8. அதன் துணை 8.8.4.4. குவாட்9 என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2017-இல் தொடங்கியது 9.9.9.9. அதன் துணை 149.112.112.112. இது மோசடித் தளங்கள் என்று தெரிந்த பெயர்களுக்கு வழி சொல்ல மறுத்துவிடும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018-இல் தொடங்கியது 1.1.1.1. அதன் துணை 1.0.0.1. ஓர் அமைப்பைத் தேர்ந்து, அதன் இரண்டு எண்களையும் நடுவில் காற்புள்ளி வைத்து எழுதுங்கள்.

நான்காவது, ஐபிவி6 என்ற பக்கத்திலும் இதேபோல ஆட்டோமேட்டிக் பொத்தான் இருக்கும். அதையும் அணைக்காவிட்டால், மோடம் பின்வாசல் வழியாகப் பழைய வழிகாட்டியையே கொண்டுவந்து விடலாம்.

ஐந்தாவது, அப்ளை பொத்தானை அழுத்தி, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு முன்பு சொன்ன ஸ்டேட்டஸ் கட்டளையால், புதிய எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் கொடுத்து பிங் செய்து பாருங்கள். மாற்றினேன் என்பது போதாது. மாறியதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

வேறு சில யூனிக்ஸ் கணினிகளிலும் பழைய லினக்ஸ் கணினிகளிலும் இந்தப் பொத்தான்கள் இருக்கமாட்டா. அங்கே ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பிலேயே நேரடியாக எழுதுவார்கள். அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். நேம்சர்வர் என்ற சொல், ஓர் இடைவெளி, எண் என்று வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். லினக்ஸில் மூன்று வரிகள் வரைதான் கணக்கில் கொள்ளப்படும். நாலாவது எழுதினாலும் பயனில்லை.

இந்த வரிகளைப் பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. முதல் வழிகாட்டிக்கு ஒரு பெயர் தெரியாவிட்டால் கணினி இரண்டாவதிடம் கேட்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலாமவர் பதிலே சொல்லாமல் இருந்தால்தான் கணினி இரண்டாமவரிடம் போகும். அவர், "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று சொல்லிவிட்டால், அதுவும் பதில்தான். கணினி அதோடு திரும்பிவிடும். மண்டோர் இல்லாத நேரத்தில் வேறொருவரிடம் விசாரிப்போம். மண்டோரே நின்று, "அப்படி ஓர் ஆள் இந்தத் தோட்டத்தில் இல்லை" என்று சொன்னால் திரும்பிவிட மாட்டோமா? அதுபோலத்தான். ஆகவே நம்பத்தகாதவரை முதல் வரியில் வைத்துவிட்டு, நல்லவரை இரண்டாம் வரியில் வைத்துப் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. லினக்ஸின் வழக்கமான அமைப்பில், பதில் வராவிட்டால் கணினி 5 வினாடி காத்திருந்துதான் அடுத்தவரிடம் போகும். ஒவ்வொரு தளமும் சில வினாடி தயங்கித் தயங்கி வந்தால், முதல் வரியில் உள்ளவர் செத்துப்போன வழிகாட்டியாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பள்ளிக்கூடத்துக் கணினியிலும் வேலையிடத்துக் கணினியிலும் பொறுப்பாளரைக் கேட்காமல் இதை மாற்றக்கூடாது. அங்கே உள்ளேயே வழங்கும் பெயர்கள் சில இருக்கும். அவை வெளி வழிகாட்டிகளுக்குத் தெரியமாட்டா. மாற்றினால் அலுவலகத்து அச்சு இயந்திரம்கூடக் காணாமல் போய்விடலாம்.

நேயர்களே, இதுவரை வழிகாட்டி படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பார்த்தோம். வழிகாட்டி பொய் சொன்னால்? படிக்கத் தெரியாத பெரியவரின் கடிதத்தை ஒருவர் மாற்றிப் படித்த கதை அதுதான். இது உண்மையாகவே நடந்திருக்கிறது.

'டி.என்.எஸ். சேஞ்சர்' என்னும் தீய நிரல் ஒன்று பல ஆண்டுகள் உலகெங்கும் பரவியது.   அது வழிகாட்டியின் எண்ணை மாற்றி எழுதியது. மாற்றிய எண், மோசடிக்காரர்கள் நடத்திய கணினியுடையது. ஒரு தளத்துக்குப் போக நினைத்தவர்களை அது வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. அந்த வழியாக விளம்பரப் பணம் குறைந்தது ஒரு கோடியே 40 இலட்சம் அமெரிக்க டாலர் சேர்த்தார்கள். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் மாட்டின. சில வீட்டு மோடங்களின் உள்ளேயும் அது எண்ணை மாற்றியது. அந்த மோடங்களில் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றாமலே விட்டிருந்தார்கள்.

2011 நவம்பரில் எஸ்டோனியாவைச் சேர்ந்த ஆறு பேர் கைதானார்கள். அப்போது ஒரு சங்கடம் எழுந்தது. மோசடிக் கணினிகளை உடனே நிறுத்தினால், அவற்றிடமே வழி கேட்டுப் பழகிய இலட்சக்கணக்கான வீடுகளில் இணையம் நின்றுவிடும். ஆகவே நீதிமன்ற உத்தரவின்படி, அதே எண்களில் நேர்மையான வழிகாட்டிகளைத் தற்காலிகமாக வைத்து நடத்தினார்கள். 2012 ஜூலை 9-ஆம் தேதி அவற்றை நிறுத்தினார்கள். அதற்குள் தங்கள் குறிப்பைத் திருத்திக்கொள்ளாதவர்கள் சிலரின் இணையம் அன்றோடு நின்றது. எட்டு மாதங்கள் அவகாசம் இருந்தும் சிலர் திருத்தவில்லை. அப்படி ஒரு குறிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்த நிரல் தாக்கியது பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளையும், ஓரளவு மேக் கணினிகளையும்தான். ஆனால் பாடம் எல்லாருக்கும் பொது. மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை வழிகாட்டியின் எண்ணைப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

எண்ணை மாற்றிவிட்டால் எல்லாம் நம் கைக்கு வந்துவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. வழிகாட்டியிடம் நாம் கேட்கும் கேள்வி வழக்கமாக உறையில்லாத தபால் அட்டையைப் போலப் போகிறது. இணைப்புக் கொடுப்பவர் அதைப் படிக்க முடியும். வேறு வழிகாட்டியிடம் திருப்பிவிடவும் முடியும். 2024 செப்டம்பரில் நம் நாட்டிலேயே இது பேச்சாக எழுந்தது. பொது வழிகாட்டிகளுக்குப் போகும் கேள்விகளை இணைய நிறுவனங்கள் தங்கள் வழிகாட்டிகளுக்கே திருப்பிவிட வேண்டும் என்ற ஏற்பாடு தொடங்கியது. தீங்கான தளங்களிலிருந்து மக்களைக் காப்பதற்காக என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. பலர் எதிர்த்துப் பேசினார்கள். அந்த மாதம் 8-ஆம் தேதி, தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அறிவித்தார். கேள்வியை உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பும் முறைகளும் இப்போது வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். பொது வழிகாட்டியும் ஒரு நிறுவனம்தான். நாம் எங்கெங்கே போகிறோம் என்பது அதற்கும் தெரியும். எவரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரிடம் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்பது நம் பொறுப்பு.

நம் கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். மாமா தொலைவில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, மகள் பழைய எண்களை எழுதி வைத்துவிட்டுப் புதிய எண்களைப் போட்டாள். இணைப்பை அணைத்துப் போட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எண் தோன்றியது. விண்ணப்பத் தளம் திறந்தது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோடம் வாங்க வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம்ப்பா. வழி சொல்றவர மாத்திட்டேன். அவ்வளவுதான்."

அந்த வீட்டுத் தாத்தா, தனக்கு வந்த கடிதத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்து நின்றவர். அவருடைய பேத்தி, தன் கேள்வி யாரிடம் போக வேண்டும் என்பதைத் தானே எழுதுகிறாள். எழுத்தறிவு என்று அன்று சொன்னோம். இன்று அதோடு இதுவும் சேர்ந்திருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கணினிக்கு முன்னால் கறுப்புச் சன்னலைத் திறந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தால், விளையாட்டு என்று எண்ணி உடனே அணைக்கச் சொல்லாதீர்கள். "நம்ம கணினி யாரிடம் வழி கேட்குது?" என்று ஒருமுறை கேளுங்கள். தெரியாது என்றால் இருவரும் சேர்ந்து பாருங்கள். பார்த்த எண்ணைத் தேதி போட்டு எழுதி, மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு நாள் அது உதவும்.